உறைக்குள் கறுத்த கத்தி

வாழைப்பூ ஆய்ந்த விரல்களைப் பார்த்திருப்பீர்கள். நுனியெல்லாம் கறுத்துப்போய், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்கு விடாது. அதே பூவை எவர்சில்வர் கத்தியால் நறுக்கினால் கத்தி பளபளப்பாகவே இருக்கிறது. பாட்டி காலத்து இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் பூவும் கறுக்கிறது, அலகும் கறுக்கிறது. மாங்காய்க்கும் நெல்லிக்காய்க்கும் இதே கதைதான். பூவிலும் கறுப்பு இல்லை, இரும்பிலும் இல்லை. அலகில் ஏறும் கறுப்பு, இரண்டும் தொட்டுக்கொண்ட இடத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

எனக்கு இந்தக் கேள்வி சமையலறையில் எழவில்லை. ஒரு கத்தியால் எழுந்தது. கருமத்தம்பட்டியில் இருந்து சோமனூர் போகிற பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில், காட்டுக்குக் கொண்டுபோக ஒரு சின்னக் கத்தி அடித்து வாங்கினேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் காடு என்றால் யானை நடமாடும் காடு அல்ல. சோளமும் கொள்ளும் விதைக்கிற மேட்டு நிலம். 'காட்டுக்குப் போறேன்' என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். கத்திக்கு நாலு அங்குல அலகு, வேலங்கட்டைப் பிடி. செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துத் தோலில் ஓர் உறையும் தைத்துக்கொண்டேன். பழுப்பு நிறத்தில், விறைப்பாக, நல்ல வாசத்தோடு இருந்தது அந்தத் தோல்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் நனைந்து வந்து, கத்தியை உறையோடு ஆணியில் மாட்டினேன். பத்து நாள் மறந்துபோனது. பிறகு உருவிப் பார்த்தால் அலகில் தோல் ஒட்டியிருந்த இடமெல்லாம் நீலம் கலந்த கறுப்பு. தையல் ஓடிய வரிசைகூடப் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருந்தது. பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆசாரி அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒறைக்குள்ள போட்டு மறந்துட்டீங்களாக்கு? இது துரு இல்லீங்க, கறைங்க. வாழைப்பூக் கறையும் இதும் ஒண்ணுதானுங்க."

வாழைப்பூவையே பார்த்திராத கத்தியில் வாழைப்பூக் கறை எப்படி வரும்? அதைப் புரிந்துகொள்ள முதலில் கத்தி என்றால் என்ன, தோல் என்றால் என்ன என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும். புதிதாகக் கத்தி வாங்க நினைப்பவர்களுக்கும் இந்த வழி உதவும். இப்போது இளைஞர்கள் பலர் 'புஷ்கிராஃப்ட்' கத்தி என்று இணையத்தில் தேடித் தேடி வாங்குகிறார்கள். காட்டில் தங்கும்போது விறகு சீவ, கயிறு அறுக்க, கூடாரத்துக்கு முளை செதுக்க உதவும் கைக்கத்திக்கு வெளிநாட்டார் வைத்த பெயர் அது. ஆடு மேய்க்கிறவர், தேங்காய் போடுகிறவர், சொட்டுநீர்க் குழாய் மாற்றுகிறவர் இடுப்பில் தினமும் இருப்பதும் அதே வேலைக் கத்திதான்.

எந்தக் கத்தி நல்லது என்று கேட்டால் நூறு பதில் வரும். ஆனால் எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே ஓர் இழுபறி இருக்கிறது. வாய் மழுங்காமல் இருக்க எஃகு கடினமாக இருக்க வேண்டும். கணுவில் பட்டால் வாய் தெறிக்காமல் இருக்க அது வளைந்து கொடுக்கவும் வேண்டும். கடலைமிட்டாயை நினைத்துப் பாருங்கள். பாகு முற்றிவிட்டால் கல் மாதிரி இருக்கும். தட்டினால் சில்லாக உடையும். பாகு இளகலாக இருந்தால் உடையாது. ஆனால் கையில் அப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு பதம் உண்டு. எஃகுக்கும் பதம்தான் எல்லாமே. முதல் குணத்தைக் கடினம் என்றும், உடையாமல் தாங்கும் குணத்தை உரம் என்றும் இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்வோம்.

இரும்பு ஏன் வளைகிறது? அதற்குள் அணுக்கள் அடுக்கடுக்காக, ஒழுங்கான வரிசையில் நிற்கின்றன. வளைக்கும்போது ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் நழுவுகிறது. அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவ வேண்டும் என்றால் எவ்வளவு விசை தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். உண்மையில் இரும்பு வளைவதற்கு அதில் ஒரு சிறு பங்கு விசையே போதுமாக இருந்தது. எங்கே தவறு?

பெரிய பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்துவிட்டு ஓர் அடி நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். ஓரத்தைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் மூச்சு வாங்கும். பழகியவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஓர் ஓரத்தில் சின்னச் சுருக்கம் ஒன்றை எழுப்பி, அதைக் காலால் மெல்லத் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குக் கொண்டுபோவார்கள். சுருக்கம் கடந்து போனதும் ஜமக்காளம் நகர்ந்திருக்கும். அணு அடுக்கிலும் இப்படிச் சுருக்கங்கள் இருக்கின்றன, அவை ஓடுவதால்தான் உலோகம் எளிதில் வளைகிறது என்று 1934-இல் டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற மூன்று பேர் தனித்தனியாக முன்வைத்தார்கள். அப்போது அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1956-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அந்தச் சுருக்கங்கள் கோடுகளாக ஓடுவதை நேரடியாகக் கண்டார்கள். இருபத்திரண்டு வருடம் காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்று, கண்முன் அசைந்தது. இதைத் தமிழில் அடுக்குப் பிசகு என்று சொல்லலாம்.

இனி இரும்பைக் கடினமாக்குவது எப்படி என்று ஊகித்துவிடலாம். ஜமக்காளத்துக்கு அடியில் கூழாங்கற்களைத் தூவிவிட்டால் சுருக்கம் ஓட முடியாது. கூழாங்கல்லின் வேலையைச் செய்வது கார்பன். அடுப்புக்கரியில் இருக்கிற அதே கார்பன். நூறு பங்கு இரும்பில் அரைப் பங்கோ முக்கால் பங்கோ கார்பன் கலந்தால் அது எஃகு. கரியின் இந்தச் சிறு பங்குதான் இரும்பையும் எஃகையும் பிரிக்கிறது என்று பிரான்சில் வாண்டர்மோண்ட், பெர்தோலே, மோன்ஜ் மூவரும் தெளிவாக எழுதியது 1786-இல். அதற்கு முன்னால் எஃகு செய்தவர்கள் எல்லோரும், நம் முன்னோர் உட்பட, காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்து வந்தவர்கள்.

கார்பன் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். சிவக்கக் காய்ச்சும்போது இரும்பு அணுக்கள் தங்கள் வரிசையை மாற்றிக்கொள்கின்றன. புதிய வரிசையில் கார்பன் நுழைந்து உட்கார இடம் கிடைக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் பழைய வரிசை திரும்பும். இடமில்லாமல் போன கார்பன் மெல்ல ஒதுங்கித் தனிக்கூட்டமாகச் சேர்ந்துவிடும். திடீரென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் ஒதுங்க நேரமில்லை. பஸ் நின்ற நொடியே கதவு சாத்திக்கொண்டால் இறங்க வேண்டியவர்கள் நெருக்கியடித்து உள்ளேயே மாட்டிக்கொள்வது போல, கார்பன் அடுக்குகளுக்கு நடுவே சிக்கிவிடும். அந்த நெருக்கடியில் அடுக்குப் பிசகு ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். இப்படி முக்கி எடுக்கும் வேலைக்குப் பட்டறையில் தோய்ச்சல் என்று பெயர்.

ஆசாரி தோய்ச்சல் வைப்பதை நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய பட்டறையின் கூரை தாழ்வானது. கிழக்குப் பக்கம் சாக்குப் படுதா தொங்கும். வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன், நிறத்துக்காகவாம். வெளிச்சத்தில் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். இருட்டில் வைத்தால்தான் அடர்சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் பிரிந்து தெரியும். அலகு பக்குவத்துக்கு வந்ததா என்று பார்க்க அவரிடம் இன்னொரு வழியும் உண்டு: பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தம், ஒரு கம்பியில் தொங்குகிறது. குறட்டில் பிடித்த அலகை அதன் பக்கத்தில் கொண்டுபோவார். ஒட்டினால் மறுபடி உலைக்குள் போகும். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தோடு உறவை முறித்துக்கொள்கிறது. அதற்குச் சற்று மேலே போனால் கார்பன் கரைந்து உட்கார்ந்துவிடும். டிகிரிக் கணக்கை அவர் சொல்லவில்லை. "காந்தம் விட்டு, இன்னும் ரெண்டு மூச்சு" என்றார்.

தோய்த்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. கல்தரையில் விழுந்தால் இரண்டாகப் போகக்கூடும். பதம் இனிமேல்தான் வருகிறது. அலகைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி இதமாகச் சூடுகாட்டுவார்கள். வெள்ளை உலோகத்தின்மேல் நிறங்கள் ஊர்ந்து வரும். 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம். 255 வாக்கில் பழுப்பு. 280-இல் ஊதா. 300-ஐ ஒட்டி நீலம். இவை சாயம் அல்ல. சூட்டில் இரும்பின்மேல் படரும் ஆக்சைடு ஏட்டின் கனம் கூடக்கூட, அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. மழைநாளில் அவிநாசி ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுவது இதே காரணத்தால். நிறம் முன்னேற முன்னேற, மாட்டிக்கொண்ட கார்பனில் கொஞ்சம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. கடினம் குறைந்து உரம் கூடுகிறது. சின்னக் கைக்கத்தியை வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். மட்டை வெட்டும் கொடுவாளை ஊதாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அது ஓங்கி விழுகிற ஆயுதம். ஒரே இரும்பு, ஒரே உலை; பதம் வேறு, வேலை வேறு.

அந்த இரும்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் லாரியில் இருந்து. லாரியின் பாரத்தைத் தாங்கும் வில்பட்டைகளில் கார்பன் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே இருக்கும். கூடவே மாங்கனீசோ சிலிக்கானோ குரோமியமோ கொஞ்சம். லட்சம் முறை வளைந்து நிமிர வேண்டிய பொருள் என்பதால் உரமான கலவை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் இந்தப் பட்டைகள்தான் போகின்றன. ஆனால் பழைய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். நல்ல ஆசாரி பட்டையைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் சரி. மந்தமாக ஒலித்தால் ஓரமாகப் போட்டுவிடுவார்.

வாங்குகிறவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று: கத்தியின் முதுகுப் பக்கத்தைச் சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி தொடச் சொல்லுங்கள். சாதா இரும்பு என்றால் பொறிகள் நீளமான கோடுகளாகப் போய் அணையும். கார்பன் உள்ள எஃகு என்றால் ஒவ்வொரு பொறியும் நுனியில் பூவாக வெடிக்கும், கம்பி மத்தாப்பு மாதிரி. பறக்கும் துகளுக்குள் இருக்கும் கார்பன் காற்றில் எரிந்து வாயுவாகி உள்ளிருந்து வெடிப்பதுதான் அந்தப் பூ. இன்னொன்று அரம். நல்ல அரத்தை வாய்மேல் லேசாக இழுத்தால், தோய்ச்சல் சரியாக இருந்தால் வழுக்கும். இல்லாவிட்டால் பிடித்துத் தின்னும்.

எவர்சில்வர் கத்தி வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழலுக்கான எஃகைத் தேடிக்கொண்டிருந்தபோது, குரோமியம் கலந்த ஒரு துண்டை அமிலம் அரிக்கவில்லை என்று கண்டுகொண்டார். நூற்றில் பத்தரைப் பங்குக்குமேல் குரோமியம் இருந்தால் அலகின்மேல் ஒரு சவ்வு படிகிறது. சில நானோமீட்டர் கனம்தான். கீறினால் தானே மூடிக்கொள்ளும். வாழைப்பூவின் சாறு அதைத் தாண்டி இரும்பைத் தொட முடிவதில்லை. கடற்கரையில் இருப்பவருக்கும், கத்தியைத் துடைக்கச் சோம்பும் பழக்கம் உள்ளவருக்கும் இதுதான் சரி. ஆனால் பட்டறையில் இதற்குத் தோய்ச்சல் வைக்க முடியாது. ஆயிரம் டிகிரிக்கும் மேலே, அளவு பிசகாத சூளை வேண்டும். மலிவான எவர்சில்வர் கத்திகளில் கார்பன் குறைவு, சீக்கிரம் மழுங்கும். நான் கார்பன் எஃகின் பக்கம். ஆற்றுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் வாய் திரும்பிவிடும், கெட்டுப்போனால் நடந்துபோய்ச் சரிசெய்ய ஆள் இருக்கிறார் என்பதே காரணம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலகு உங்கள் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். முதுகு மூன்று மில்லிமீட்டர் கனம். அலகின் வால் பிடிக்குள் பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓட வேண்டும். இல்லாவிட்டால் கட்டையைப் பிளக்கும் நாளில் பிடி கையிலும் அலகு கட்டையிலும் இருக்கும். வாயை ரொம்ப மெல்லியதாகத் தீட்டிக்கொள்ளாதீர்கள். சவரப் பிளேடைவிட ஐம்பது மடங்கு மென்மையானது தலைமுடி. அந்த முடிதான் பிளேடை மழுங்கடிக்கிறது. எப்படி என்று மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் சவரம் செய்து பார்த்தார்கள். 2020-இல் வந்த அந்த ஆய்வு, வாய் தேய்ந்து போவதைவிட, முடி சாய்வாகப் படும்போது எஃகின் பலவீனமான இடங்களில் நுண்சில்லுகளாகத் தெறிக்கிறது என்று காட்டியது. முடிக்கே இப்படி என்றால் வேலிக்காத்தான் முள்ளுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கறைக்கு வருகிறேன். அதற்கு நொய்யலோடு கொஞ்சம் கிழக்கே போக வேண்டும். எங்கள் ஊருக்குத் தெற்கே சோமனூரையும் சாமளாபுரத்தையும் ஒட்டிப் போகிற அதே ஆறு, திருப்பூரைத் தாண்டிச் சென்னிமலைப் பக்கம் கொடுமணல் என்ற ஊரைத் தொடுகிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான். தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்யப் பயன்பட்ட மண் மூசைகளும் கிடைத்தன. மூசை என்றால் தீயைத் தாங்கும் சிறு மண்குடுவை. தட்டார் பொன்னுருக்குவதும் அதில்தான். தென்னிந்தியாவில் இப்படி மூசையில் வார்த்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள 'உக்கு' என்ற சொல்லின் திரிபு அது. நம் 'உருக்கு' அதன் உறவு. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்தது இந்த எஃகில் அடித்த வாள்களை. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னால் 1819-இல் உட்கார்ந்து ஆராய்ந்ததும் இதைத்தான். இதன் மேன்மைக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறு, கார்பன்தான் காரணம். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கார்பன்.

அந்தக் கார்பன் எப்படி உள்ளே போனது? கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், தான் பார்த்த முறையை 1839-இல் எழுதிவைத்தார். இரும்பைச் சிறுதுண்டுகளாக்கி மூசையில் போடுகிறார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுகிறார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலையை வைத்து மூடுகிறார்கள். வாயை மண்ணால் பூசி அடைத்து, இருபது இருபத்துநாலு மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதுகிறார்கள். உள்ளே ஆவாரை கரியாகிறது. கரி இரும்புக்குள் கரைகிறது. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கார்பன் ஏற ஏற அந்த அளவு நூறு டிகிரிக்கும் மேல் இறங்கிவிடுகிறது, ஐஸில் உப்புப் போட்டதும் அது குளிர்ந்தபடியே உருகுவது போல. அதனால்தான் துருத்தி உலையிலேயே உருகிய எஃகு சாத்தியமானது. மூசையை உடைத்தால் கையளவு எஃகுக்கட்டி.

ஆவாரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மானாவாரி ஓரத்தில், ரயில்பாதை மேட்டில், மஞ்சளாகப் பூத்து நிற்கும்; பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே செடி. எஃகுக்குக் கார்பன் கொடுத்தது அதன் குச்சி. அதன் பட்டைக்கு வேறொரு வேலை இருந்தது.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகும். காயவைத்தால் பலகையாகிவிடும். தோலுக்குள் இருப்பது கொலாஜன் என்ற புரதக் கயிறு. கயிறு என்று உவமைக்குச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாரில் இருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிரில் படம்பிடித்து, அது மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட வடிவம் என்று 1954, 1955 ஆண்டுகளில் காட்டினார்கள். பொள்ளாச்சியில் தேங்காய் நாரைத் திரிக்கிற மூணுபுரிக் கயிறேதான். ஈரம் பட்டால் இந்தப் புரிகளுக்கு நடுவே நுண்ணுயிர் புகுந்து தின்கிறது. காய்ந்தால் புரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பதனிடுதல் என்பது புரிகளுக்கு நடுவே வேறெதையாவது நிரப்பி, கட்டிப்போட்டு, இரண்டையும் தடுப்பது. ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீரில் வரும் துவர்ப்பு இருக்கிறதே, அது அந்த வேலையைச் செய்கிறது. வேதியியலில் டானின், நமக்குத் துவர்ப்பி என்றால் போதும். கடுக்காயிலும் கருவேலம்பட்டையிலும் தேயிலையிலும் இருப்பது அதுவே. வாழைப்பூவிலும் பிஞ்சு மாங்காயிலும் இருப்பது அதுவே. வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிப்பது போல் இருக்கிறது அல்லவா? எச்சிலின் புரதத்தைத் துவர்ப்பி பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு அது. நாக்கில் நடக்கும் அந்தச் சிறுபிடி, தொட்டியில் தோலுக்கு வாரக்கணக்கில் நடக்கிறது. திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடித் தோல் ஆலைகள் ஆவாரம்பட்டையை நம்பி இருந்தன. பிறகு நீலகிரியில் வளர்ந்த ஆஸ்திரேலிய வாட்டில் மரப்பட்டையும் சேர்ந்தது.

துவர்ப்பிக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். இரும்பு ஈரத்தில் துளி கரைந்தாலும் அதைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் கரையாத நீலக்கறுப்புப் பொருளாகிவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மை இது. கலம்காரித் துணியில் கடுக்காய் தோய்த்த இடத்தில் இரும்புத் தண்ணீர் பட்டதும் கோடு கறுப்பாக எழுவதும் இதுவே. வீட்டில் பார்க்கலாம். துருப்பிடித்த ஆணி ஒன்றை வினிகரில் ஓர் இரவு போட்டுவைத்து, காலையில் அந்த வினிகரைச் சொட்டுச் சொட்டாகப் பால் கலக்காத தேநீரில் விடுங்கள். தேநீர் கண்முன் கறுத்து மையாகும். என் வீட்டுப் பிள்ளைகள் அந்த மையைத் தொட்டுக் குச்சியால் எழுதினார்கள். நோட்டில் இன்னும் அழியவில்லை.

ஆக என் கத்தியின் கறை வாழைப்பூக் கறையேதான். வாழைப்பூவுக்குப் பதில் பதனிட்ட தோல். அரிவாள்மனைக்குப் பதில் பட்டறைக் கத்தி. நடுவே ஐப்பசியின் ஈரம். கறுப்பு மட்டும் என்றால் பயமில்லை. தொல்பொருள் காப்பகங்களில் பழைய இரும்புக்குத் துவர்ப்பி பூசுவதே உண்டு. அந்தக் கறுப்பு ஓரளவு காப்பும்கூட. விரலால் தேய்த்தால் செம்பொடி வந்தால் அதுதான் துரு, அதுதான் பகை. நனைந்த தோல் நாள்கணக்கில் ஈரம் பிடித்துவைக்கும். இயல்பிலேயே சற்றுப் புளிப்புத்தன்மை உள்ளது. நம் வியர்வையின் உப்பும் அதில் ஏறியிருக்கும். மூன்றும் சேர்ந்தால் கறுப்புக்கு அடியில் குழிகுழியாக அரிக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் துவர்ப்பி இல்லாததால் கறுக்காது. ஆனால் ஈரமும் உப்பும் அதிலும் உண்டு. உங்கள் உறை எந்தத் தோல் என்று தெரிய வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பல் நீலம் ஓடினால் குரோம். முழுக்கப் பழுப்பு என்றால் பட்டை.

இதை எல்லாம் தெரிந்த பிறகும் நான் தோல் உறையைத்தான் சொல்வேன், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, கத்தி உறங்கும் இடம் உறை அல்ல. நடக்கும்போது உறையில், வீட்டில் தனியாக. இரண்டாவதை அலட்சியம் செய்யவே கூடாது: உறையின் தையலுக்கும் கத்தியின் வாய்க்கும் நடுவில் இன்னொரு தோல் வார் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்த வார் இல்லாத உறையில் ஒவ்வொரு முறை செருகும்போதும் வாய் நூலை அறுக்கும். ஒருநாள் உறை பிளந்து, வேலியைத் தாண்டும்போது அலகு தொடையில் இருக்கும். என் முதல் உறையில் வார் இல்லை. கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நூல் பாதி அறுந்திருந்ததைக் கண்டேன்.

ஈரத்திலேயே புழங்குகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் மேல். சுவீடனில் மோரா ஊர்க் கத்திகளின் பிளாஸ்டிக் உறையில் அடியில் ஒரு துளை இருக்கும், தண்ணீர் வடிய. கத்தியைவிட அந்தத் துளையை நான் மெச்சுகிறேன். நம் தோட்டங்களில் கிடக்கும் பிவிசி குழாய்த் துண்டிலும் உறை செய்யலாம். சுமார் 80 டிகிரியில் அது இளகிவிடும். கொதிநீரில் போட்டு எடுத்து, துணி சுற்றிய கத்தியின்மேல் பலகையால் அமுக்கினால் அலகின் வடிவத்துக்கு வந்து நிற்கும். தீயில் காட்டிக் கருகவிடாதீர்கள். வரும் அமிலப் புகை நுரையீரலுக்கும் கேடு, பக்கத்தில் இருக்கும் கத்திக்கும் துரு. தெற்கே பனையேறிகள் இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டி இன்னொரு வழி: அரிவாளை இறுக்கிப் பிடிக்காத, அகன்ற, விறைப்பான கூடு, இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது பார்க்காமலே போட்டு எடுக்கலாம், உள்ளே காற்றும் ஓடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அல்லாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்குமேல் நீளமோ 2 அங்குலத்துக்குமேல் அகலமோ இருந்தால் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வந்துவிடும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனைமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போகும்போது கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். எங்கள் காட்டுக்கு அது போதும்.

பெரியவர் இப்போது வார் வைத்துப் புது உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். அதே பழுப்புத் தோல். தேன்மெழுகைச் சூடாக்கி உள்ளும் வெளியும் தடவித் தந்தார். கத்தியின் கறையை முழுக்கத் தேய்க்க வேண்டாம் என்று ஆசாரி சொல்லிவிட்டார். விளக்கெண்ணெய் மட்டும் பூசினார். பழைய உறையின் தையல் வரிசை அலகில் இன்னும் புள்ளிகளாகத் தெரிகிறது. உறை ஓர் ஆணியிலும் கத்தி பக்கத்து ஆணியிலுமாகத் தொங்குகின்றன.